மனநோய்க்கு மருந்து சரி, விளக்கமும் பேச்சும் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. டாக்டர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டதை வெளியே வந்து கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

1. சீட்டுல 'சைக்கோ எஜுகேஷன்'னு எழுதியிருக்காங்க. அது என்ன, வகுப்பா?

வகுப்பு மாதிரி நடப்பதும் உண்டு. வந்திருக்கும் நோய் என்ன, எதனால் கூடும், எதனால் குறையும், மருந்து என்ன செய்யும், என்ன பக்கவிளைவு வரலாம், நோய் திரும்பினால் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் நோயாளிக்கும் வீட்டாருக்கும் முறையாகப் புரிய வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். தமிழில் உளக்கல்வி என்கிறார்கள். தனியாக நடக்கும், குடும்பத்தோடு நடக்கும், ஒரே நோய் உள்ளவர்களைச் சேர்த்துக் குழுவாகவும் நடக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கரோல் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா: இல்லாத குரல் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது போன்றவை வரும் நோய்) உள்ளவர்களின் குடும்பங்களுக்காக 1980ஐ ஒட்டி இதற்கு ஒரு சிகிச்சை வடிவம் கொடுத்தார்கள். இன்று மற்ற நோய்களுக்கும் வந்துவிட்டது.

ஒரு கையேட்டைக் கையில் திணித்து அனுப்பிவிட்டு உளக்கல்வி கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கணக்கில் சேராது. நல்ல அமர்வில் நடத்துபவர்தான் முதலில் கேட்பார்: "இது ஏன் வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" தான் திட்டியதால்தான் மகனுக்கு இப்படி ஆனது என்று உள்ளுக்குள் புழுங்கும் அம்மாவுக்கும், எல்லாம் சோம்பேறித்தனம் என்று அடித்துச் சொல்லும் அண்ணனுக்கும் ஒரே பேச்சை ஒப்பித்தால் எடுபடாது.

2. அப்போ கவுன்சலிங், தெரபி, இது எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றோடொன்று கலந்துதான் நடக்கும். கவுன்சலிங் பெரும்பாலும் கண்முன் இருக்கும் ஒரு சிக்கலைப் பற்றியது: வேலை போனது, மணமுறிவு, என்ன முடிவெடுப்பது என்ற குழப்பம். தெரபி என்பது ஒரு நோய்க்கு என்று வகுக்கப்பட்ட முறைப்படி, பயிற்சி பெற்றவர் பல வாரங்கள் நடத்தும் சிகிச்சை. உளக்கல்வி அந்தத் தெரபியின் முதல் படியாக வரும், அல்லது மருந்தோடு சேர்த்துத் தனியாகவும் வரும்.

3. யார்கிட்ட போகணும்? டாக்டரா, சைக்காலஜிஸ்ட்டா?

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உளவியலாளர் பரிசோதனைகளும் தெரபியும் செய்வார். மனநலச் சமூகப் பணியாளர்களும் செவிலியர்களும் குடும்பக் கூட்டங்கள் நடத்துவார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு மருத்துவரிடமே தொடங்குங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை போன்றவையும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

தெரபி என்றாலே பெரிய பட்டம் வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சாதாரணப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து பேச வைத்தார். பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்வு தேடும் முறை அது. 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் அந்தப் பாட்டிகளுக்குப் பின்னால் மேற்பார்வை இருந்தது, முடியாதவர்களை மேலே அனுப்ப வழி இருந்தது. மனச்சிதைவு, தீவிர பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் சோர்வில் விழுவதுமாக மாறும் நோய்) போன்றவற்றுக்கு இது மட்டும் போதாது.

4. வெறும் பேச்சு எப்படி நோயைக் குணமாக்கும்?

பேனிக் அட்டாக்கை எடுத்துக்கொள்வோம், விளக்கம் என்ன செய்யும் என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது, "அவ்வளவுதான், சாகப்போறேன்" என்று தோன்றுகிறது. மருத்துவமனைக்கு ஓடினால் இசிஜி சரியாக இருக்கிறது, "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றும் இல்லாமல் இவ்வளவும் எப்படி வரும்? அந்தப் பதில் ஆளை இன்னும் பயமுறுத்தும்.

நடப்பது இதுதான். ஏதோ ஒரு சின்ன உடல் உணர்வை மனம் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும், கூடிய பயம் அறிகுறிகளை மேலும் கூட்டும். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இந்தச் சுழலைத் தெளிவாக எழுதினார். இதய நோய் இல்லை என்று உறுதியான பிறகு, அமர்வில் ஒன்றிரண்டு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். அதே மரப்பு, அதே தலைசுற்றல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரும். மூச்சைச் சாதாரணமாக விட்டால் போகும். "இதுதானா அது?" என்று கேட்கும்போது முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாதி வேலைதான் அங்கே முடிந்தது. மீதிப் பாதி, பயத்துக்காகச் செய்துவந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக விடுவது. கதவோரமாகவே உட்காருவது, துணையில்லாமல் வெளியே போகாமல் இருப்பது, அடிக்கடி நாடி பிடித்துப் பார்ப்பது எல்லாம் அந்தக் கணக்குத்தான். படபடப்பு வந்தாலும் ஓடாமல் அங்கேயே இருந்தால், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். அதை உடம்பு பல தடவை அனுபவித்துத்தான் நம்பும்.

5. எந்த நோய்க்கு எந்தத் தெரபி?

மனச்சோர்வுக்கு ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிந்தனை நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, நன்கு சோதிக்கப்பட்டது. நோயை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் கண்டுபிடித்து மாற்றப் பழக்கும் முறை அது. உறவுகளில் ஏற்பட்ட இழப்பையும் சண்டையையும் மையமாக வைத்துப் பேசும் ஐபிடி என்ற முறையும் அப்படியே. செயல்களை மட்டும் மெல்ல மெல்ல மீட்டெடுக்கும் நடத்தைச் செயலூக்க முறையும் உண்டு, எழுந்து உட்காரவே முடியாதவர்களுக்கு அதில் தொடங்குவதுதான் எளிது என்பது என் எண்ணம். தூக்கமின்மைக்கும் தனி சிபிடி இருக்கிறது. பெரியவர்களின் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. விபத்து, வன்முறைக்குப் பின் அந்த நினைவு விடாமல் துரத்தும் பிடிஎஸ்டிக்கு அந்த அனுபவத்தையே மையமாக வைக்கும் சிபிடியும், அதை நினைத்தபடி கண்களை இடம் வலமாக அசைக்க வைக்கும் இஎம்டிஆரும், திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கு, கொந்தளிக்கும் உணர்ச்சியைச் சமாளிக்கப் பழக்கும், மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடியும்.

ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்க்கு, வேறு மாதிரி. பூட்டை இழுத்துப் பார்க்கிறார், தெருமுனை வரை போகிறார், சந்தேகம், திரும்பி வருகிறார், மறுபடி இழுக்கிறார். இவருக்குப் பூட்டு பற்றிய விளக்கம் தேவையில்லை, பூட்டியது அவருக்கே தெரியும். ஒரு தடவை பூட்டிவிட்டு, மனம் அலறினாலும் திரும்பாமல் நடக்கப் பழக்குவதுதான் சிகிச்சை. விக்டர் மேயர் 1966இல் இந்த வழியைத் தொடங்கிவைத்தார். வீட்டுக்காரர் "பூட்டிட்டேம்மா, நான் பார்த்தேன்" என்று பத்துத் தடவை உறுதி சொல்வதும் நோய்க்குத் தீனிதான். அதனால் இங்கே உளக்கல்வி வீட்டாருக்குத்தான் அதிகம்.

மனச்சிதைவிலும் பைபோலாரிலும் மருந்து அடித்தளம். அதன் மேல் குடும்ப உளக்கல்வி, குழு உளக்கல்வி, சிபிடி எல்லாம் சேரும்.

6. மாத்திரை சாப்பிடுறார். அப்புறம் தெரபி எதுக்கு? இல்ல, தெரபி போறோம், மாத்திரையை விட்டுடலாமா?

லேசான மனச்சோர்வுக்கும் பெரும்பாலான பதற்ற நோய்களுக்கும் தெரபி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து தனித்தனியைவிட நன்றாக வேலை செய்யும். மாத்திரை தூக்கத்தையும் பசியையும் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தால்தான் சிலரால் தெரபியில் உட்காரவே முடியும்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். பக்கவிளைவு முதல் வாரமே தலைகாட்டிவிடும். இந்த இடைவெளியை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் "இது நமக்கு ஒத்துக்கலை" என்று பத்தே நாளில் நிறுத்தியவர்கள் ஏராளம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரலாம், ஆகவே மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த மருந்துகள் போதைப் பொருள் மாதிரி ஏங்க வைப்பதில்லை. டயாசிபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகளில்தான் பழக்கமாகும் ஆபத்து உண்டு.

7. நோயோட பேரைச் சொன்னா பயந்துட மாட்டாரா? மறைச்சு வைக்கலாமே?

மறைத்தால் அவர் போனில் தேடிப் பார்ப்பார். அங்கே முதலில் கண்ணில் படுவது மிக மோசமான கதைகளாக இருக்கும். அதைவிடத் தெரிந்தவர் ஒருவர் நேரில் சொல்வது மேல்.

ஆனால் நேரம் பார்க்க வேண்டும். குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதோ, மேனியாவின் (பைபோலாரில் மனநிலை அளவுக்கு மீறி ஏறும் கட்டம்) உச்சத்திலோ நீண்ட விளக்கம் ஏறாது. அப்போது "நீங்க பாதுகாப்பா இருக்கீங்க, தூங்க இந்த மருந்து உதவும்" என்ற அளவு போதும். தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாக. மனச்சோர்வில் இருப்பவர் எதைக் கேட்டாலும் அதில் இருண்ட பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். அதனால் கடைசியில் "என்ன புரிஞ்சுது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது.

8. நோயாளி அவர். எங்களை ஏன் கூப்பிடுறாங்க? எங்க மேலதான் தப்புன்னு சொல்லப்போறாங்களா?

இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு கருத்தை எழுதினார். அது பரவி, பல ஆண்டுகள் அம்மாக்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அது தவறு என்பது முடிந்த விஷயம். வளர்ப்பு மனச்சிதைவை உண்டாக்குவதில்லை.

நோய் வந்த பிறகு வீட்டுச் சூழல் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. லண்டனில் ஜார்ஜ் பிரௌன் 1950களில் தொடங்கிய ஆய்வுகளில் ஒரு விஷயம் தெரிந்தது: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாப்பு, இந்த மூன்றும் அதிகமாக உள்ள வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. மூன்றாவதைக் கவனியுங்கள். சாப்பாடு ஊட்டி, எங்கும் தனியே விடாமல், தன் வாழ்க்கையையே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாசமும் அதில் சேர்த்தி. இப்படி நடந்துகொள்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாததால் பயந்துபோனவர்கள்.

சரி, சொல்லிக்கொடுத்தால் மாறுமா? பிட்ஸ்பர்க்கில் ஜெரார்டு ஹோகார்ட்டியும் ஆண்டர்சனும் மற்றவர்களும், அப்படிப்பட்ட வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1986இல் வந்தது. முதல் ஆண்டில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 41% பேருக்கு நோய் திரும்பியது. மருந்தோடு குடும்ப உளக்கல்வியும் பெற்றவர்களில் 19%. மருந்தோடு நோயாளிக்குச் சமூகத் திறன் பயிற்சி கொடுத்தபோது 20%. மூன்றும் சேர்ந்தபோது ஒருவருக்கும் திரும்பவில்லை. இரண்டாம் ஆண்டில் இந்தப் பலன் ஓரளவு தேய்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கூட்டம் நடத்திவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

9. அப்போ வீட்டுல எப்படித்தான் பேசுறது? வாயையே திறக்கக் கூடாதா?

தாராளமாகப் பேசலாம். ஆளைத் திட்டாமல் செயலைச் சொல்ல வேண்டும், கேட்பதைச் சிறியதாகக் கேட்க வேண்டும். "எப்பப் பார்த்தாலும் படுத்தே கிட, நீ உருப்படவே மாட்டே" என்பதில் அவர் செய்ய ஒன்றுமே இல்லை. "ரெண்டு நாளா நீ குளிக்கலை, எனக்குக் கவலையா இருக்கு. இன்னைக்கு மதியத்துக்குள்ள குளிச்சிடுறியா?" என்பதில் இருக்கிறது. மனச்சிதைவில் ஆர்வம் வற்றிப்போவதும் முகத்தில் உணர்ச்சி இல்லாமல் போவதும் அறிகுறிகள். அவை சோம்பல் இல்லை என்று புரிந்த வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

"பக்கத்து வீட்டுல இருந்து என்னை கேமரால பார்க்கிறாங்க" என்றால் என்ன சொல்வது? வாதாடினால் அவர் இன்னும் இறுகுவார், ஆமாம் போட்டால் பயம் உறுதியாகும். "எனக்கு அப்படித் தெரியலை. ஆனா நீ ரொம்பப் பயந்திருக்கேன்னு புரியுது. கொஞ்ச நேரம் உன்கூட உட்கார்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பயத்துக்குத்தான் பதில் சொல்கிறோம், கேமராவுக்கு அல்ல. அப்புறம் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருங்கள். நாலு பேர் நாலு பக்கமும் அறிவுரை சொன்னால், ஏற்கெனவே குரல்களோடு மல்லுக்கட்டுகிறவரால் எதையும் வாங்கிக்கொள்ள முடியாது.

10. திரும்ப வரப்போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். ஒவ்வொருவருக்கும் தனிக் கையெழுத்து மாதிரி ஒரு வரிசை இருக்கும். பைபோலார் உள்ள ஒருவருக்கு அது இப்படி வரலாம்: முதலில் தூக்கம் 7 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாகிறது, ஆனாலும் களைப்பே இல்லை. பிறகு பழைய நண்பர்களை நடு இரவில் அழைக்கிறார். பிறகு ஒரே நாளில் மூன்று புதுத் தொழில் திட்டம். பணம் கரையத் தொடங்குவது அதற்கப்புறம்தான். முதல் படியிலேயே மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்காது.

பார்சிலோனாவில் ஃபிரான்செஸ்க் கோலோம், எடுவார்ட் வியேட்டா குழுவினர் 120 பைபோலார் நோயாளிகளை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. பாதிப் பேருக்கு 21 அமர்வுகள் குழு உளக்கல்வி, மற்றவர்களுக்குக் கட்டமைப்பு இல்லாத குழுச் சந்திப்புகள். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டாம் குழுவில் 92% பேருக்கு நோய் திரும்பியிருந்தது, உளக்கல்விக் குழுவில் 67%. இதிலும் 67% பேருக்குத் திரும்பியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் மருந்தையும் விடாதீர்கள், பட்டியலையும் விடாதீர்கள் என்கிறோம்.

பட்டியலை நோயாளி நன்றாக இருக்கும்போது அவர் கையாலேயே எழுத வைக்க வேண்டும். என்ன அறிகுறி, யார் சொல்லலாம், சொன்னால் என்ன செய்வேன் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். "நீ சரியா தூங்கலை" என்று தங்கை சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்று அவரே எழுதியிருந்தால், அந்த நேரத்தில் தங்கையின் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

11. எத்தனை சிட்டிங்? எப்ப முடியும்?

மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கான சிபிடி பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு. ஐபிடி 12 முதல் 16. தூக்கமின்மைக்கு 4 முதல் 8 போதும். டிபிடி சாதாரணமாக ஓராண்டு. எத்தனை ஆனாலும், நாலைந்து அமர்வு முடிந்ததும் "ஏதாவது அசைந்திருக்கிறதா" என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எதற்காகப் போகிறோம் என்ற இலக்கே இல்லாமல் மாதக்கணக்கில் நீளும் தெரபியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

12. ஹோம்வொர்க் குடுக்கிறாங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா?

வாரத்தில் 168 மணி நேரம். அமர்வு அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரத்தில் எதுவும் மாறாவிட்டால் அந்த ஒரு மணி நேரப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செய்ய முடியவில்லை என்றால் "செய்யலை" என்று சொல்லுங்கள், பொய்யாக நிரப்பிக் கொண்டுபோக வேண்டாம். ஏன் முடியவில்லை என்பதே அந்த வாரத்தின் பேச்சாகலாம்.

13. தெரபி ஆரம்பிச்சதுல இருந்து இன்னும் மோசமா இருக்கேன். நிறுத்திடலாமா?

முதலில் எந்த மாதிரி மோசம் என்று பாருங்கள். ஓசிடி, பேனிக் சிகிச்சையில் பயத்தை எதிர்கொள்ளும்போது சில வாரம் பதற்றம் கூடுவது எதிர்பார்த்ததுதான் (4, 5ஆம் கேள்விகள்). பழைய காயத்தைப் பற்றிப் பேசிய அன்று இரவு தூக்கம் கெடுவதும் அப்படி. இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியது தெரபிஸ்ட்டின் பொறுப்பு.

வாரக்கணக்கில் சரிந்துகொண்டே போனாலோ, தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் புதிதாக வந்தாலோ, அது வேறு. அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், முறையை மாற்றலாம், மருந்து தேவையா என்று பார்க்கலாம். தெரபியாலும் சிலருக்குக் கெடுதல் ஆவதுண்டு, அதை வெளிப்படையாக ஒத்துக்கொள்வதுதான் நல்லது.

14. நான் சொல்றதை வீட்டுல சொல்லிடுவாங்களா?

உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதல் அமர்விலேயே "எதை, யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடலாம். கலிஃபோர்னியாவில் 1976இல் டராசாஃப் வழக்கில் வந்த தீர்ப்பு, ஆபத்தில் இருக்கும் மூன்றாவது மனிதரைப் பாதுகாக்கும் கடமையும் தெரபிஸ்ட்டுக்கு உண்டு என்றது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவர் சொன்னதை உங்களிடம் சொல்ல முடியாதே தவிர, நீங்கள் கண்டதைத் தெரபிஸ்ட்டிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லை, மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் சொன்னது அவர் காதுக்குப் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

15. 'எனக்கு ஒண்ணும் இல்லை, உனக்குத்தான் பைத்தியம்'கிறார். எப்படிக் கூட்டிட்டுப் போறது?

மனச்சிதைவில் நோய் இருப்பதை உணர முடியாமல் போவதே நோயின் ஒரு பகுதி. அது பிடிவாதம் மாதிரி தெரியும். நோயின் பெயரை ஒத்துக்கொள்ள வைக்க முயன்றால் மாதங்கள் ஓடிவிடும். அவரே தொல்லை என்று நினைப்பது எது? தூக்கம் வரவில்லை, தலைவலி, வேலையில் நிலைக்க முடியவில்லை. அந்த வாசல் வழியாகக் கூப்பிடுங்கள்: "தூக்கத்துக்கு மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்." ஆனால் ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள், சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள். தெரிந்துபோன அன்று உங்கள் மேல் இருக்கும் கடைசி நம்பிக்கையும் போய்விடும்.

அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். 9ஆம் கேள்வியில் சொன்ன பேச்சு முறையைக் கற்றுக்கொள்ள அவர் வர வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

16. சாகணும்னு பேசுறார். நேராக் கேட்டா நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் மேட்லின் கோல்டு குழுவினர் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைக்கிறியா?" ஆமாம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்தவுடன் அறிவுரையில் இறங்காதீர்கள், குடும்ப மானத்தை இழுக்காதீர்கள். பூச்சிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரைகள் போன்றவற்றை வீட்டை விட்டே அகற்றுங்கள். அந்த உச்ச வேகம் பலருக்கும் கொஞ்ச நேரமே நீடிக்கும், அந்த நேரத்தில் கையில் எதுவும் இல்லாமலிருப்பதே உயிரைக் காப்பாற்றும். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள்.

தெரபியில் இதற்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள்: எண்ணம் வருவதற்கு முன் தெரியும் அறிகுறி, தனியாகச் செய்யக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய ஆட்கள், கடைசியாக அவசர எண். 10ஆம் கேள்வியின் பட்டியல் மாதிரிதான், ஆனால் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

17. பெரிய விபத்துல இருந்து தப்பிச்சு வந்திருக்காங்க. உடனே எல்லாரையும் உட்கார வச்சுப் பேச வச்சாத்தானே நல்லது?

பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்ல வைக்கும் முறை பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை. முதல் நாட்களில் தேவை பாதுகாப்பு, தூக்கம், உறவினர் பக்கத்தில் இருப்பது, அடுத்து என்ன நடக்கும் என்ற தகவல். பேச வந்தால் கேளுங்கள், பேசாதவரைக் கிளறாதீர்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம்.

18. எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா எதுவும் மாறலையே?

இந்தக் கேள்வியை நிறையப் படிப்பவர்கள்தான் கேட்பார்கள். தன் பதற்றத்தின் காரணத்தைப் பேராசிரியர் மாதிரி விளக்குவார்கள், லிஃப்டில் மட்டும் ஏற மாட்டார்கள். பாடத்தோடு நிற்கும் உளக்கல்வியின் பலன் குறைவு. 10ஆம் பதிலில் வந்த பார்சிலோனாக் குழுவிலும் தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது, அறிகுறியைக் கண்டவுடன் செயல்படுவது எல்லாம் பயிற்சியாகவே நடந்தன. அடுத்த கட்டுரையைத் தேடுவதற்குப் பதிலாக, தெரிந்ததில் ஒன்றே ஒன்றை இந்த வாரம் செய்து பாருங்கள். ஒரு மாடி மட்டும் லிஃப்டில் போகலாம்.

19. தெரபிஸ்ட் சரியில்லைன்னு எப்படித் தெரியும்?

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் மூன்று விஷயங்களைச் சொன்னார்: இலக்கில் இருவருக்கும் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, நடுவில் ஒரு நம்பிக்கை. சில அமர்வுகளுக்குப் பிறகும் இதில் எதுவும் இல்லை என்றால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். அப்படியும் ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்வது துரோகம் ஆகாது.

சில விஷயங்களுக்குப் பொறுமையே காட்டத் தேவையில்லை. நிச்சயம் குணமாக்குவதாக வாக்குக் கொடுப்பவர், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், வேறு யாரிடமும் கருத்துக் கேட்கக் கூடாது என்பவர், பாலியல் ரீதியாக நெருங்குபவர். கடைசியது எந்தச் சூழலிலும் சிகிச்சை கிடையாது, வெளியே வந்து புகார் கொடுக்க வேண்டிய குற்றம்.

20. 'அப்பாவுக்கு என்ன ஆச்சு?'ன்னு குழந்தை கேட்குது. என்ன சொல்றது?

ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். சொல்லாமல் விட்டால் குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் "நான் சேட்டை பண்ணினதாலதான்" என்பதாக இருக்கும். பாஸ்டனில் வில்லியம் பியர்ட்ஸ்லி, மனச்சோர்வுள்ள பெற்றோரின் குடும்பங்களுக்கென்றே உளக்கல்வி முறை ஒன்றை உருவாக்கினார். அதில் முக்கியமான கட்டம், பெற்றோரே பிள்ளைகளை உட்கார வைத்து நோயைப் பற்றிப் பேசும் குடும்பச் சந்திப்புதான்.

சின்னக் குழந்தைக்கு நாலு வாக்கியம் போதும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இது மனசுல வர்ற நோய். அதனாலதான் நிறையத் தூங்குறார், சட்டுனு கோபப்படுறார். நீ செஞ்ச எதனாலயும் இது வரலை. டாக்டர் பார்க்கிறார், உன்னை நாங்க பார்த்துக்குவோம்." பத்து வயதுக்கு மேல் என்றால் நோயின் பெயரையும் சொல்லலாம், எனக்கும் வருமா என்று கேட்டால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள்: மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதே நோய் வருவதில்லை, வந்தாலும் சிகிச்சை உண்டு. அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பதையும் அவரைக் கண்காணிப்பதையும் மட்டும் குழந்தையின் தலையில் வைக்காதீர்கள். அப்பா பயமுறுத்துகிற மாதிரி நடந்தால் யாரிடம் ஓட வேண்டும், எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வைத்துப் பாருங்கள்.